ஆப்ரிஸ்கியில் பழகியவர்கள் ஹெலிகாப்டரில் ஏறலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்கள் நான்கு பேர். சில குளிர்காலங்களாகப் பக்கத்து நாடான லெசோத்தோவின் ஆப்ரிஸ்கி பனிச்சறுக்கு மையத்துக்குப் போய் ஸ்னோபோர்டு, அதாவது இரண்டு காலையும் கட்டிக்கொள்ளும் ஒற்றைப் பனிப்பலகை, ஓட்டுகிறீர்கள். உங்களில் ஒருவருக்கு அடுத்த வருடம் நாற்பது வயது. அதைக் கொண்டாட, ஹெலிகாப்டரில் போய் மலை உச்சியில் இறங்கி, லிஃப்டும் கூட்டமும் இல்லாத புதுப்பனியில் ஓட்டிக்கொண்டே கீழே வர ஆசை. கனடாவுக்குப் போவதா, இல்லை பனி விழுந்த வாரமாகப் பார்த்து நம் டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரிலேயே ஒரு ஹெலிகாப்டரை வாடகைக்குப் பிடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், "நாலு பேரில் ஒருத்தன் கொஞ்சம் வீக், சமாளிச்சுக்குவான்ல?" என்றும் ஒரு வரி. எனக்கு அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்வி என்று படுகிறது. அதற்கு வருவதற்குள் மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் டர்பனில் பாராமெடிக். பெர்க்கில், அதாவது டிராக்கன்ஸ்பெர்க்கில், மலை மீட்புக் குழுவோடு பல வருடமாகத் தொண்டராகப் போகிறேன். இடையில் சில குளிர்காலம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பனிச்சறுக்கு மையத்தில் ரோந்து வேலை பார்த்தேன். பனிச்சரிவு பற்றிய தொழில்முறைப் பயிற்சியும் அங்கேதான். ஆனால் ஹெலிகாப்டர் பயணங்களை நடத்தும் உரிமம் பெற்ற வழிகாட்டி அல்ல நான். ஆகவே ஒரு குறிப்பிட்ட மலை, ஒரு குறிப்பிட்ட நாள் பாதுகாப்பானதா என்று சொல்வது என் வேலை இல்லை. மீட்புப் பக்கத்திலிருந்து பார்த்தவன் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிராக்கன்ஸ்பெர்க் வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் என்-3 சாலை மூடப்பட்டு, வண்டிகள் பனியில் சிக்கிக் கிடந்தது ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு பனி விழுந்தால் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று எல்லா ஊரிலிருந்தும் நம் ஆட்கள் குடும்பத்தோடு மலையடிவாரத்து அண்டர்பெர்க் பக்கம் வண்டியை விடுவார்கள். படங்களைப் பார்த்தால் கனடா போலத்தான் இருக்கும். ஆனால் அங்கே விழும் பனி நிலைப்பதில்லை. குளிர்க்காற்று கொண்டுவந்து கொட்டும். அதே காற்று மேட்டு நிலத்திலிருந்து அதைச் சுரண்டிப் பள்ளங்களில் அடைத்துவிடும். இரண்டு மூன்று நாள் வெயிலில் உருகி, இரவில் கண்ணாடி போல இறுகிவிடும். புதுப்பனியில் ஓட்ட வேண்டுமென்றால் அதற்குக் கீழே, வாரக்கணக்கில் படிந்து இறுகிய அடித்தளம் வேண்டும். நம்மிடம் இருப்பது ஒரு முழம் பனி, அதற்கடியில் பசால்ட் பாறை, புல் புதர். நில அமைப்பும் ஒத்துவராது: மேலே மேட்டுநிலம் கிட்டத்தட்டத் தட்டை, விளிம்பைத் தாண்டினால் நேர்க்குத்தான பாறை. இரண்டுக்கும் நடுவே இருப்பது கணவாய்ப் பள்ளங்கள். குளிர்காலத்தில் அங்கே நடக்கிறவர்களே ஐஸில் சறுக்கி விழுகிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. உகாஹ்லாம்பா-டிராக்கன்ஸ்பெர்க் பூங்கா 2000 முதல் உலகப் பாரம்பரியத் தலம். 2003-இன் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டப்படி, நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் அங்கே ஹெலிகாப்டர் இறங்கக் கூடாது. தாழப் பறக்கவும் கூடாது. விளிம்புக்கு அந்தப் பக்கம் போனால் அது லெசோத்தோ, வேறு நாடு. அப்புறம் மீட்பு. பெர்க்கில் காலை உடைத்துக்கொண்டால் எங்களைப் போன்ற தொண்டர்களும், டர்பனில் இருக்கும் விமானப்படையின் 15-ஆவது ஸ்குவாட்ரனின் ஓரிக்ஸ் ஹெலிகாப்டரும்தான் கதி. பனி விழும் வானிலையில்தான் அந்த ஓரிக்ஸால் பறக்க முடியாது.

சரி, எங்கே போகலாம்? கனடா என்று மனம் போவது நியாயம்தான். 1965-இல் ஹான்ஸ் க்மோசர் இந்தத் தொழிலைத் தொடங்கியதே பிரிட்டிஷ் கொலம்பியாவின் புகபூ மலைகளில். அங்கே மரங்கள் அடர்ந்த சாய்வுகள் உண்டு, வானம் மூடினால் மரங்களுக்குள் ஓட்டலாம். நியூசிலாந்து இன்னொரு வழி. நம் குளிர்காலமும் அவர்கள் குளிர்காலமும் ஒன்று. வானாகா, குயின்ஸ்டவுன், மெத்வென் பக்கம் ஒருநாள் பயணமாகவே விற்கிறார்கள். ஆனால் ஓட்டும் இடமெல்லாம் மரமில்லாத வெட்டவெளி, மேகம் வந்தால் அன்றைய பயணம் ரத்து. பிரான்ஸில் இருக்கும் நண்பர் யாராவது கூப்பிட்டால் போய்ப் பாருங்கள், ஆனால் ஹெலிகாப்டரை மறந்துவிடுங்கள். உல்லாசத்துக்காக மலையில் ஆளை இறக்கிவிடுவதை 1985-இன் மலைச் சட்டம் அங்கே தடை செய்துவிட்டது. காஷ்மீரின் குல்மார்கில் ஹெலிகாப்டரே தேவையில்லை, கேபிள் கார் ஏறக்குறைய 3,980 மீட்டருக்கு ஏற்றிவிடும். ஆனால் மேலே போனதும் நீங்களே வழிகாட்டி அமர்த்தி, நீங்களே யோசிக்க வேண்டும். முதல் தடவைக்கு அது ஏற்றதல்ல.

என் யோசனை: ஒரு வாரம் முழுக்க ஹெலிகாப்டர் விடுதியில் பணத்தைக் கட்டாதீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக் மாதிரி ஓர் ஊரில் தங்கி, முதல் நான்கைந்து நாள் லிஃப்ட் உள்ள மையத்தில், எந்திரம் சமன்படுத்தாத பக்கங்களில் மட்டும் ஓட்டுங்கள். அப்புறம் ஒருநாள் ஸ்னோகேட். சக்கரத்துக்குப் பதில் பட்டை ஓடும் பனி வண்டி, அதுவே மேலே ஏற்றிவிடும், வானிலைக்கும் அவ்வளவாகப் பயப்படாது. கடைசி ஒன்றிரண்டு நாளை ஹெலிகாப்டருக்கு வையுங்கள். ஒருநாளைக்கே ஆளுக்கு ஆயிரம் கனடா டாலருக்கு மேல் ஆகும் என்பதால், இந்த ஏற்பாடு பணத்துக்கும் நல்லது. பறக்க முடியாத நாளுக்குப் பணம் திரும்பி வருமா, வேறு நாள் தருவார்களா என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடும். கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஆப்ரிஸ்கியைக் குறைத்துச் சொல்லவில்லை. நானும் அங்கே ஆரம்பித்தவன்தான். ஆனால் அங்கே நீங்கள் ஓட்டுவது பெரும்பாலும் எந்திரம் தயாரித்து எந்திரம் சமன்படுத்திய பனி. மேலிருந்து கீழே உயர வித்தியாசம் 200 மீட்டருக்குள். ஹெலிகாப்டரில் ஒரே ஓட்டம் 600 முதல் 1,000 மீட்டர் வரை இறங்கும். ஒருநாளில் அப்படிப் பல. தொடை எரியும் என்பது பெரிய விஷயமில்லை, களைத்த தொடையோடு மரங்களுக்கு நடுவே திரும்ப வேண்டியிருக்கும் என்பதுதான் விஷயம். ஆழப்பனியில் போர்டின் விளிம்பை வெட்டித் திருப்ப முடியாது. வேகம் இருந்தால்தான் மிதக்கும், பயந்து வேகத்தைக் குறைத்தால் போர்டின் மூக்கு புதைந்து தலைகுப்புற விழுவீர்கள். விழுந்தால் எழுவது தனிக் கலை. கையை ஊன்றினால் தோள் வரை உள்ளே போகும். போர்டிலிருந்து காலைக் கழற்றினால் இடுப்பு வரை போகும். ஸ்னோபோர்டுக்காரர்களுக்கு மட்டும் உள்ள இன்னொரு தொல்லை, அடிவாரத்தின் தட்டையான பகுதி. ஸ்கீக்காரர்கள் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நாம் நின்றால் நின்றதுதான். வழிகாட்டி "இங்கே நிற்காமல் வா" என்றால் அதற்குக் காரணம் உண்டு. மடக்கிப் பையில் வைக்கும் கோல் ஒரு ஜோடி எடுத்துப் போங்கள்.

இனி பனிச்சரிவு. பெரும்பாலான பலகைச் சரிவுகள், அதாவது பனியின் ஓர் அடுக்கே பலகை போலப் பெயர்ந்து வழுக்குபவை, 30 முதல் 45 டிகிரி சாய்வில் நிகழ்கின்றன. உங்களுக்கு ஓட்ட ஆசை வரும் சாய்வும் அதுதான். ஆளைக் கொல்லும் சரிவுகளில் பத்தில் ஒன்பதைத் தொடங்கிவைப்பது அதில் சிக்கியவரோ அவர் கூட வந்தவரோதான். இவை பல நாட்டு விபத்துப் பதிவுகளில் திரும்பத் திரும்ப உறுதியானவை. அது நடக்கும் விதமும் தெளிவு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கொலம்பியா மலைகளில் வானம் தெளிவான குளிர் இரவில் பனியின் மேல்பரப்பில் இறகு போன்ற உறைபனிப் படிகங்கள் வளரும். வெயிலில் மின்னும், பார்க்க அவ்வளவு அழகு. அடுத்த புயல் அதன்மேல் அரை மீட்டர் பனியைக் கொட்டிவிட்டால், அந்தப் படிகங்கள் உள்ளே அப்படியே இருக்கும், சில சமயம் வாரக்கணக்கில். கடுகு கொட்டிய மேசையைச் சாய்த்து, அதன்மேல் ஒரு தாம்பாளம் வைத்தது மாதிரி. யாரோ ஒருவர் சரியான இடத்தில் ஏறினால் போதும்.

அந்தச் சரியான இடம் எது, இன்று சரியுமா, நாளை சரியுமா என்பது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதது. முப்பது வருட அனுபவம் உள்ள வழிகாட்டியும் குழி தோண்டி அடுக்குகளைப் பார்ப்பார், முந்தின நாள் குறிப்புகளைப் பார்ப்பார், சக வழிகாட்டிகளோடு காலையில் உட்கார்ந்து இன்று எந்தெந்த ஓட்டம் திறப்பு, எது மூடல் என்று முடிவெடுப்பார். அது ஊகத்தைச் சுருக்கும் வேலை. ஊகத்தை ஒழிக்கும் வேலை இல்லை. 2023 மார்ச்சில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் இன்வர்மியர் அருகே வழிகாட்டியோடு போன ஹெலிகாப்டர் குழுவில் மூன்று பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். அலாஸ்காவின் நிக் பனியாற்றுப் பக்கம் 2021-இல் ஹெலிகாப்டரே விழுந்து ஐந்து பேர். இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் வழிகாட்டி இருக்கிறார் என்றால் ஆபத்து இல்லை என்ற எண்ணத்தோடு விமானம் ஏறாதீர்கள்.

புதைந்தவரை எடுக்க எவ்வளவு நேரம் இருக்கிறது? பழைய சுவிட்சர்லாந்துக் கணக்கு, சுமார் 18 நிமிடம் வரை பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள், 35 நிமிடத்தில் அது மூன்றில் ஒன்றாக விழும் என்றது. பிறகு கனடாவிலும், அண்மையில் சுவிட்சர்லாந்திலுமே செய்த ஆய்வுகள் அந்த நல்ல நேரத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்கிவிட்டன. ஆகவே பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கனடாவில் இறந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மூச்சுமுட்டி இறப்பதில்லை, மரத்திலும் பாறையிலும் அடிபட்டு இறக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களை எவ்வளவு சீக்கிரம் தோண்டினாலும் பயனில்லை. காற்றுப்பை உள்ள முதுகுப்பை பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். 2014-இல் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், சரிவில் மோசமாகச் சிக்கியவர்களிடையே அது விரிந்தால் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதே ஆய்வில் ஐந்தில் ஒன்று விரியவே இல்லை. பெரும்பாலும் அதை விரிக்கும் கயிற்றை இழுக்கவே முடியாமல் போனதுதான் காரணம். நல்ல கருவி. ஆனால் அதை மாட்டியதும் தைரியம் கூடினால் லாபம் போச்சு.

பத்து நிமிடத்துக்குள் உங்களை எடுக்கப் போவது ஹெலிகாப்டர் இல்லை, என்னைப் போன்ற ஆட்களும் இல்லை. உங்கள் மூன்று நண்பர்களும் அந்த வழிகாட்டியும்தான். அந்த வழிகாட்டியே புதைந்திருந்தால் நீங்கள் நால்வர் மட்டும். நிறுவனம் முதல் நாள் காலை ட்ரான்ஸீவர் பயிற்சி கொடுக்கும், அது போதாது. ட்ரான்ஸீவர் என்பது எல்லோரும் உடம்பில் கட்டிக்கொள்ளும், சிக்னல் அனுப்பவும் புதைந்தவரின் சிக்னலைத் தேடவும் உதவும் கருவி. டர்பனில் இருந்துகொண்டே பழகலாம்: அம்லாங்கா கடற்கரையின் காய்ந்த மணலில். இரண்டு மூன்று ட்ரான்ஸீவரை வாடகைக்கு எடுத்தோ வாங்கியோ, ஒன்றை அனுப்பும் நிலையில் வைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, அரை மீட்டர் ஆழத்தில் புதையுங்கள். புதைத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் ஐம்பது மீட்டர் தள்ளியிருந்து தொடங்கி, சிக்னல் கிடைத்ததும் அம்பைப் பின்தொடர்ந்து, கடைசி மூன்று மீட்டரில் கருவியை மணலோடு ஒட்டிப் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தேடி, மிகக் குறைந்த எண் காட்டும் இடத்தில் கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். காலையில் நடக்கிறவர்கள் புதையலா என்று கேட்பார்கள், பதில் சொல்லாதீர்கள், நேரம் ஓடுகிறது. ஆளை மட்டும் விளையாட்டுக்குக்கூட மணலில் புதைக்காதீர்கள்.

இதில் எல்லோரும் அசட்டை செய்வது தோண்டுவதைத்தான். கண்டுபிடிக்க இரண்டு மூன்று நிமிடம். தோண்டுவதில்தான் மீதி நேரமெல்லாம் போகும். குத்திய கம்பியை எடுக்காமல், அதற்கு நேர்மேலே நிற்காமல், சாய்வின் கீழ்ப்பக்கம் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நின்று உள்நோக்கித் தோண்டுங்கள். ஒருவர் வெட்ட, பின்னால் நிற்பவர்கள் வாரித் தள்ள, முன்னால் நிற்பவரை அடிக்கடி மாற்றுங்கள். தேடும்போது கைப்பேசி ட்ரான்ஸீவரிலிருந்து அரை மீட்டராவது விலகியிருக்க வேண்டும். அணைத்துவிட்டால் இன்னும் நல்லது. பேட்டரி சூடேற்றும் கையுறை இருந்தால் அதையும் கழற்றுங்கள்.

பனிச்சரிவைவிடக் குறைவாகப் பேசப்படுவது மரக்குழி. பெரிய ஊசியிலை மரத்தின் கீழ்க்கிளைகள் பனியைத் தடுப்பதால் அடிமரத்தைச் சுற்றி இறுகாத பனி நிறைந்த பள்ளம் இருக்கும், மேலிருந்து தெரியாது. தலைகீழாக விழுந்தால் போர்டு இரண்டு காலையும் கட்டிவைத்திருக்கும். அசைய அசையப் பனி முகத்தைச் சுற்றி அடையும். தொண்டர்களை வைத்துச் செய்த சோதனைகளில் பத்தில் ஒன்பது பேரால் தாமாக வெளியே வர முடியவில்லை. காட்டுக்குள் இருவர் இருவராக, ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில்தான் ஓட்ட வேண்டும். நிறைய ஜோடிகள் முதல் நூறு மீட்டருக்கு இதைக் கடைப்பிடிப்பார்கள்.

ஹெலிகாப்டர் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்வதை அப்படியே செய்தால் போதும். பின்னால் போகாதீர்கள், வால் விசிறி கண்ணுக்கே தெரியாது. சாய்வான இடத்தில் இறங்கியிருந்தால் மேட்டுப் பக்கமாக நெருங்காதீர்கள், விசிறி தலை உயரத்தில் இருக்கும். போர்டைத் தோளில் வைக்காமல் இடுப்புக்குக் கீழே கிடையாகப் பிடியுங்கள். இறங்கியதும் சாமான்களை அணைத்துக்கொண்டு குனிந்து ஒரே குவியலாக உட்காருங்கள், அது கிளம்பிப் போகும் வரை எழாதீர்கள். எடையைக் கேட்பார்கள், பலர் முன்னிலையில் நிறுத்தியே பார்ப்பார்கள்; பொய் சொல்லாதீர்கள், எரிபொருள் கணக்கு அதில்தான் இருக்கிறது.

இப்போது அந்த நாலாவது நண்பர். அவருக்குச் சமாளிக்கத் திறமை இருக்கிறதா என்பது, ரெவல்ஸ்டோக்கில் மூன்று நாள் ஓட்டினால் தானாகத் தெரிந்துவிடும். எனக்குக் கவலை அவர் திறமை பற்றி இல்லை. குழுவில் பலவீனமானவர் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவர், மலை உச்சியில் நின்று "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்வாரா? நம் பழக்கம் தெரிந்ததுதான். ஒருவன் தயங்கினால் மற்ற மூவரும் "என்னடா, இவ்ளோ தூரம் வந்துட்டு" என்று ஆரம்பிப்போம். அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் அமெரிக்காவில் எழுநூறுக்கு மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மெக்காமன் பட்டியலிட்ட பொறிகளைப் பாருங்கள்: பழகிய இடம் என்ற நம்பிக்கை, மற்றவர் மெச்ச வேண்டும் என்ற ஆசை, திட்டம் போட்டாச்சு இனி மாற்ற முடியாது என்ற பிடிவாதம், கூட வல்லவர் இருக்கிறார் என்ற தெம்பு, புதுப்பனி தீர்ந்துவிடுமே என்ற அவசரம், மற்றவர்களும் போகிறார்களே என்ற துணிவு. நாற்பதாவது பிறந்தநாள், கடன் வாங்கி எடுத்த டிக்கெட், நாலு சிநேகிதர்கள், கூட ஒரு வழிகாட்டி. பட்டியலில் பெரும்பகுதி உங்கள் பையிலேயே இருக்கிறது.

மீட்புக்குப் போன இடங்களில் நான் கேட்டதும் இதேதான். பெர்க்கில் மாட்டிக்கொண்ட குழுக்களில் யாரோ ஒருவர், பெரும்பாலும் நடையில் பின்தங்கியவர், முன்பே திரும்பிவிடலாம் என்று நினைத்திருப்பார். சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆகவே டர்பனிலேயே, டிக்கெட் எடுப்பதற்கு முன், ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: நால்வரில் யார் வேண்டாம் என்றாலும் அந்த ஓட்டம் வேண்டாம், காரணம் கேட்பதில்லை, அன்று இரவு கிண்டலும் இல்லை. முதல் "வேண்டாம்" உங்களில் நன்றாக ஓட்டுபவர் சொல்லட்டும், வேண்டுமென்றே, எளிதான ஓர் ஓட்டத்தில். அப்படி ஒருமுறை நடந்துவிட்டால் நாலாமவருக்கு வாய் திறக்கும். வழிகாட்டியிடமும் முதல் நாளே உங்கள் நால்வரின் நிலையையும் உள்ளபடி சொல்லிவிடுங்கள். கூட்டிச் சொன்னால் உங்களை வேகமான குழுவில் போடுவார்கள். பலவீனமானவர் ஒவ்வொரு ஓட்டத்திலும் கடைசியாக, மூச்சிரைக்க வந்து சேர்வார். மற்றவர்கள் ஓய்வெடுத்து முடித்திருப்பார்கள், இவர் வந்ததும் கிளம்புவார்கள். களைப்பு அவர் மீது மட்டும் குவியும். அவரை நடுவில் ஓட விடுங்கள், வந்து சேர்ந்தபின் அவர் சொல்லும்போது கிளம்புங்கள்.

அவர் வர விரும்பாவிட்டால்? ஹெலிகாப்டர் நாளன்று அவர் மையத்திலேயே ஓட்டட்டும், சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். அதனால்தான் ஊரில் தங்கச் சொன்னேன். மலைக்குள் இருக்கும் விடுதியில் அந்த வழி கிடையாது.

தேதி பற்றி ஒன்று. கனடாவில் நல்ல பனி ஜனவரி முதல் மார்ச் வரை. உங்களில் யாராவது தைப்பூசக் காவடி எடுப்பவர் என்றால் விரதம் முடிந்த கையோடு விமானம் ஏறாதீர்கள். உடம்பு தேற இரண்டு மூன்று வாரம் கொடுத்து, பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் என்று வையுங்கள். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். கனடா விசாவுக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். காப்பீடுதான் கடைசி. சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பல, குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே ஓட்டுவதையும் ஹெலிகாப்டரில் போய் ஓட்டுவதையும் விலக்கிவைத்திருக்கும். கடன் அட்டையோடு இலவசமாக வருவது அநேகமாக விலக்கியேயிருக்கும். வழிகாட்டியோடு செல்லும் ஹெலிகாப்டர் ஸ்னோபோர்டிங், மலையிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவு, கனடா மருத்துவமனைச் செலவு, தென்னாப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பும் செலவு, இந்த நான்கும் உண்டு என்று மின்னஞ்சலில் பதில் வாங்கி, நால்வர் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று சொன்னதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.